கறுப்பு மண்ணும் வெள்ளைக் கல்லும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நான்கு வழிச் சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் போவதற்குள் வந்துவிடுகிற பந்தல்குடியை, காரிலும் பேருந்திலும் விரைந்து செல்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு பெயர்ப்பலகையாக மட்டுமே பார்த்திருப்பார்கள். தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் மலைத்தொடரோ, பாலமேறிக் கடக்கவேண்டிய பேராறோ இங்கே சாலையோரத்தில் இல்லை. அடிவானம்வரை தட்டையாக விரிந்து கிடக்கும் கறுத்த நிலமும், அதன்மேல் திட்டுத் திட்டாக நிற்கும் வேலிக்கருவேலும், மழைக்காலமாயிருந்தால் பச்சையும், கோடையாயிருந்தால் வெடிப்புமாக அந்தப் பிரதேசம் கண்ணில் பட்டு மறைந்துவிடும். வறண்ட பூமி என்று இரண்டே சொல்லில் அதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகவும் இருக்கிறது. அந்த வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. மழை குறைவு என்பது உண்மை. ஆனால் பந்தல்குடியும் அதன் சுற்றுக் கிராமங்களும் நூற்றாண்டுக் கணக்காகத் தொலைதூர நகரங்களுக்குக் கொடுத்துவந்திருப்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பூமியை வறியது என்று சொல்ல எனக்கு மனம் ஒப்புவதில்லை. மேலே கிடக்கும் கறுப்பு மண் பருத்தியைக் கொடுத்தது. அடியிலே கிடக்கும் வெள்ளைக் கல் சிமெண்டைக் கொடுக்கிறது. இவ்விரண்டையும், இவற்றுக்கிடையே கவனிப்பாரற்றுப்போன மூன்றாவது ஒன்றாகிய தண்ணீரையும் பற்றி, கொஞ்சம் நிதானமாகவே எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணம். பொறுமையுள்ள அன்பர்கள் உடன் வாருங்கள்.

முதலில் பூஸ்திதியைப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை வட்டத்தில், தெற்கே தூத்துக்குடி மாவட்ட எல்லையை நெருங்கி இருப்பது பந்தல்குடி. வடக்கே குண்டாறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவிலே சாப்டூர்ப் பக்கம் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகிறது. தெற்கே வைப்பாறு, அதே மலையின் வேறொரு பகுதியிலிருந்து புறப்பட்டுச் சாத்தூர் வழியாக வந்து அதே வளைகுடாவில் கலக்கிறது. இரண்டு ஆறுகளுமே ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடப்பவை. அந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டின் நீரும் நேராக வந்து எட்டாத இடைநிலத்தில் அமைந்தவை இந்தக் கிராமங்கள். ஆகவே இங்கே பாசனம் என்றால் அது ஆற்றுப் பாசனமல்ல. வானத்திலிருந்து விழுந்ததை விழுந்த இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் பாசனம். பிடித்துவைக்கும் பாத்திரங்கள் இரண்டு: ஒன்று கரிசல் மண், மற்றொன்று கண்மாய்.

மழையின் கணக்கு இப்படி. ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றால் பெய்கிறது. ஆனி, ஆடியில் மலையாள தேசத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவம் மலைக்கு அப்பாலேயே தன் ஈரத்தை இறக்கிவிட்டு, இந்தப் பக்கத்துக்கு வெறும் காற்றாக வந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. சித்திரை, வைகாசியில் இரண்டொரு கோடை மழை விழுந்தால் உழவுக்கு உதவும். விழாவிட்டால் மண் கட்டாந்தரையாகக் காத்துக் கிடக்கும். ஒரு வருஷத்தின் வாழ்வும் தாழ்வும் புரட்டாசிக்கும் மார்கழிக்கும் இடையே உள்ள அந்த நூறு நாளில் தீர்மானமாகிவிடுகிற இந்த நிலைமைதான், இங்கேயுள்ள ஜனங்களின் குணத்தையும் பழக்கத்தையும், கடன் வாங்கும் முறையையும் கல்யாணம் வைக்கும் மாதத்தையும்கூட வகுத்துக் கொடுத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கரிசல் மண்ணைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. மாண்ட்மோரில்லனைட் என்று மண்ணியல் அறிஞர்கள் குறிப்பிடும் ஒருவகைக் களிமண் அதில் மிகுதி. நீரைக் குடித்தால் அது பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். அதனால்தான் கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்து, கன்றுக்குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கிறது. அந்த வெடிப்பைக் கண்டு வெளியூர்க்காரர் வறட்சியின் கோரம் என்று படம் பிடிக்கிறார். உள்ளூர் விவசாயியோ, மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுந்து, அடிமண் மழைக்குப்பின் மேலே தள்ளப்பட்டு, நிலம் தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும் உழவாக அதைக் காண்கிறார். முதல் மழையின் நீர் மேலே ஓடி வீணாகாமல் அந்த வெடிப்புகளின் வழியாகவே ஆழத்துக்கு இறங்குகிறது. நன்றாக நனைந்த கரிசல், அதன்பின் வாரக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும், பனியையும் அடியிலுள்ள ஈரத்தையும் கொண்டே பயிரைக் கரையேற்றிவிடும். தண்ணீரைத் தேக்கிவைக்கச் சிமெண்டுக் கரையும் மதகும் வேண்டியிராத ஒரு நீர்த்தேக்கம் காலுக்கடியிலேயே ஊர் முழுவதும் பரந்து கிடக்கிறது என்றால், அதை வறண்ட பூமி என்று எப்படிச் சொல்லுவது?

இதே மண் மனிதனுக்குச் சங்கடங்களையும் வைத்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் இறங்கினால் செருப்போடு சேர்த்துப் பாதமே எடுக்கமுடியாதபடி ஒட்டிக்கொள்ளும். முன்காலத்தில் பாரவண்டிகள் அச்சுவரை புதைந்து நாட்கணக்கில் நின்றதாகப் பெரியவர்கள் சொல்லுவார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறவர்கள் களிமண்ணைக் கடந்து, சுண்ணாம்புக் கட்டியாகிய சுக்கான் தட்டுப்படும்வரை தோண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் மண் பருத்துச் சுருங்கும்போது சுவரும் கூடவே விரிசல் விடும். கிணறு வெட்டினால் பல இடங்களில் உவர்நீரே ஊறுகிறது. ஆகவே குடிநீருக்கு ஊருணி, பயிருக்குக் கண்மாய், கால்நடைக்குக் குட்டை என்று தனித்தனியே ஏற்பாடு செய்துகொண்டு, ஊருணியில் கால் நனைக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டார்கள் நம் முன்னோர்கள்.

இந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் பொருத்தமாக அவர்கள் கண்ட விவசாய முறை மானாவாரி. புரட்டாசியில், மழை வருமென்ற நம்பிக்கையின்பேரில், காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டுக் காத்திருப்பது அதன் துணிச்சலான பகுதி. சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, கொத்தமல்லி, மிளகாய், பருத்தி என்று பலவற்றைக் கலந்தும் மாற்றியும் போட்டு, ஒன்று போனாலும் மற்றொன்று கஞ்சிக்காவது வழிசெய்யும்படி வைத்துக்கொள்வது அதன் விவேகமான பகுதி. பருத்திக் காட்டில் ஊடுபயிராக விழுந்த உளுந்து தைக்குள் வீட்டுக்கு வந்துவிடும். பருத்தி, மாசி தொடங்கி வெயில் ஏற ஏற வெடித்துச் சித்திரைவரை எடுப்புக்கு நிற்கும். பருத்தி எடுக்கும் பெண்களுக்குக் கூலியாகப் பருத்தியே அளந்து கொடுப்பதும், சிறுவர்கள் மடியில் கட்டிக்கொண்டுவந்த கொஞ்சம் பருத்தியைக் கடையில் கொடுத்துத் தின்பண்டம் வாங்குவதும் நடந்த காலம் ஒன்று இருந்தது. பருத்தி இங்கே பணமாகவே புழங்கியது. கொட்டை மாட்டுக்கு, மார் அடுப்புக்கு, பஞ்சு வியாபாரிக்கு என்று ஒரு செடியில் எதுவுமே வீண்போனதில்லை.

அந்தப் பஞ்சு எங்கே போயிற்று என்று பார்த்தால் இந்தச் சிற்றூரின் சரித்திரம் உலக சரித்திரத்தோடு கைகோத்துக்கொள்கிறது. கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தி, திருநெல்வேலிப் பருத்தி என்ற வியாபாரப் பெயரோடு தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்து, அந்நாட்டுப் பஞ்சு லங்காஷயர் ஆலைகளுக்கு வராமல் நின்றபோது, இந்தியப் பருத்திக்கு என்றும் காணாத விலை ஏற்பட்டது. அதன் அலை நம் கரிசல் காட்டையும் வந்து தொட்டது. ரயில் வருவதற்குமுன் அவ்வளவு பாரமும் மாட்டுவண்டியிலேதான் போயிற்று. வழியில் வண்டிமாடு அவிழ்த்துக்கட்டவும், களவுக்கு அஞ்சாமல் சரக்கை இறக்கிவைக்கவும் நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்து, விற்ற சரக்குக்கு இவ்வளவென்று மகமை வசூலித்து, அந்தப் பொதுப்பணத்தைக் கொண்டு பின்னாளில் பள்ளிக்கூடங்கள் எழுப்பினார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று அவர்களுடைய ஆறு பேரூர்களைச் சொல்லும்போது, அவற்றில் இரண்டு நம் ஊரிலிருந்து மாட்டுவண்டி தொடும் தூரத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 1876ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தபோது அது மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகப் போயிற்று. அருப்புக்கோட்டைப் பாதை தனித்துவிடப்பட்டது. விருதுநகர் பெருஞ்சந்தையாக வளர்ந்ததற்கும், இந்தக் கிழக்குப் பாதையிலுள்ள ஊர்கள் பல கிராமங்களாகவே நின்றுவிட்டதற்கும் காரணங்களுள் அந்த ஒரு முடிவு முக்கியமானதென்று நினைக்கிறேன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய இருப்புப்பாதை போடும் திட்டம் நம் காலத்தில் அனுமதி பெற்றும், தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு சிறு பகுதி முடிந்ததோடு மிக மெதுவாகவே நகர்கிறது.

ரயில் வந்த அதே 1876இல்தான் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. சென்னை மாகாணம் முழுவதையும் 1878வரை வாட்டிய அந்த க்ஷாமம், வானத்தை மட்டுமே நம்பியிருந்த இந்தப் பகுதியை எப்படி வதைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பஞ்சத்தின் சுவடு மறையுமுன்னே, 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, வடகிழக்கே திருச்சுழியில் ஒரு வக்கீல் வீட்டில் பிறந்த குழந்தைதான் பின்னாளில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியாக அமர்ந்தவர். அதே திருச்சுழியின் திருமேனிநாதர் கோயில் சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல்பெற்ற ஸ்தலம். தெற்கே எட்டயபுரம், 1882இல் பாரதி பிறந்த ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானதும் அங்கேதான். அவர் எட்டயபுரத்துக்கு வரும் வழியில் வாடிக் கிடந்த பயிர்களைக் கண்டு மனம் பொறாமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பாளைப் பாடினார் என்றும், மழை கொட்டிற்று என்றும் சங்கீத உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அந்த ஐதிகத்தின் உண்மையை நான் ஆராய முற்படவில்லை. மழைக்காகப் பாடிய கதை பிறப்பதற்கு இந்தக் கரிசல் வெளியைவிடத் தகுந்த இடம் தமிழ்நாட்டில் வேறு இருக்கமுடியாது என்று மட்டும் சொல்லுவேன்.

இங்கே குடியேறியவர்களின் கதையும் பெரிது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கேயிருந்து வந்த தெலுங்கு பேசும் ரெட்டியார்களும் நாயக்கர்களும் கரிசலைத் திருத்தி ஊர்களாக்கியதைக் கி. ராஜநாராயணன் 1976இல் வெளிவந்த கோபல்ல கிராமத்தில் கதையாக எழுதினார். ஏற்கெனவே இங்கிருந்த மறவர், பள்ளர், பறையர், இடையர், நாடார் முதலிய சமூகங்களோடு அவர்கள் கலந்தும் முரண்பட்டும் வாழ்ந்த வாழ்க்கைதான் இந்த நாட்டுப்புறத்தின் மெய்யான சரித்திரம். அதில் கசப்பான பக்கங்கள் உண்டு. கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்ததும், அதன்மீது ராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் முடிந்ததும், 1899இல் சிவகாசி எரிந்ததும் அவற்றுள் சில.

ஆட்சி மாற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். நாயக்கர் காலத்துப் பாளையங்களுக்குப்பின், அருப்புக்கோட்டை வட்டாரத்தின் பெரும்பகுதி ராமநாதபுரம் சமஸ்தானத்தில் இருந்தது. 1803இல் ஆங்கிலேயர் அதை நிரந்தர ஜமீனாக்கினார்கள். 1910இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து ராமநாதபுரம் ஜில்லாவை அமைத்தார்கள். 1985இல் அது மூன்றாகப் பிரிந்தபோது இப்பகுதி காமராஜர் மாவட்டத்துக்கு வந்தது. 1997முதல் அதற்கு விருதுநகர் மாவட்டமென்று பெயர். இந்த வரிசையில் நான் நின்று வணங்கும் பெயர் ஒன்று உண்டு. பக்கத்திலுள்ள பாலவனத்தத்தின் ஜமீன்தாரான பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார்; 1906இல் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். தமிழ் ஏடுகளைக் காக்கவும், வெள்ளையன் கப்பலுக்கு எதிர்க்கப்பல் விடவும் முன்வந்த செல்வம், மழையை நம்பிப் புழுதியில் விதைத்தவர்கள் செலுத்திய தீர்வையிலிருந்து வந்தது என்பதை, தமிழ்ச் சங்கத்தைப் பாராட்டும் மேடைகளில் யாராவது ஒருமுறை சொன்னால் நான் மகிழ்வேன்.

இனிக் கண்மாய்க்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சரிவு கண்ணுக்கே தெரியாத சமநிலத்தில், மழைநீர் எந்தத் திசையில் எவ்வளவு மெல்லச் சாய்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டு, மேலே உள்ள கண்மாய் நிறைந்தால் அதன் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழே உள்ள கண்மாய்க்கும், அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளதற்குமாக, ஊர்விட்டு ஊர் சங்கிலியாகக் கோத்துவைத்த அந்த ஏற்பாட்டை, இன்றைய அளவுக் கருவிகள் இல்லாத காலத்தில் செய்து முடித்தவர்களின் அறிவை நினைக்கும்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மடையைத் திறக்கவும் அடைக்கவும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று நிதானிக்கவும் நீர்க்கட்டி என்றொருவரை ஊர் நியமித்தது. கோடையில் உள்வாயில் படிந்த கரம்பை வண்டலை வண்டி வண்டியாக எடுத்துக் காட்டுக்கு அடித்தார்கள். கண்மாய் ஆழமாயிற்று, காடு வளமாயிற்று. ஊர்மக்கள் சேர்ந்து செய்த இந்தக் குடிமராமத்தைக் கட்டாயமாக்க ஆங்கிலேயர் 1858இல் ஒரு சட்டமே போட்டார்கள் என்றால், அது அதற்குள்ளாகவே தளர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

1949இல் ராமநாதபுரம் ஜமீன் ஒழிக்கப்பட்டபோது, நிலத்துக்கு உழுதவன் சொந்தக்காரனான அந்த நன்மையோடு கூடவே, கண்மாய் யாருடைய பொறுப்பு என்ற கேள்வியும் பிறந்தது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித்துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று காகிதத்தில் பிரித்தார்கள். ஆனால் ஒரு கண்மாயின் மறுகால் இன்னொரு கண்மாயின் வரத்தாக இருக்கிறபோது, மேலேயுள்ளது ஒரு துறைக்கும் கீழேயுள்ளது வேறொரு துறைக்கும் சொந்தமானால், நடுவேயுள்ள வரத்துக்கால் இரண்டு துறைக்கும் இல்லாமல் போகிறது. அதில் கருவேல் முளைத்தது; அடுத்த நிலத்துக்காரர் வரப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்; சாலை உயர்ந்தபோது குறுக்கே வைத்த குழாய் போதாமல் போயிற்று. 2017இல் அரசு குடிமராமத்தைப் புதிய திட்டமாகக் கொண்டுவந்து கரையையும் மடையையும் செப்பனிட்டது நல்ல காரியம்தான். ஆயினும் கரைக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட வரத்துக்கால்களுக்குக் கிடைக்கவில்லை என்பது இந்தப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் நடந்து பார்த்த எனக்குத் தெரிந்த நிலவரம். ஒரு கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "அய்யா, இந்தக் கண்மாய் கடைசியா எப்ப மறுகால் போச்சு?" என்று கேட்டேன். அவர் வருஷம் சொல்லவில்லை. "மழை குறையல தம்பி. நாங்க சின்னப்பிள்ளைல பெய்ஞ்சதுதான் இப்பவும் பெய்யுது. வர்ற வாய்க்காலு எங்க இருக்குன்னு இந்தப் பயலுகளுக்குக் காட்டுறதுக்குத்தான் ஆளில்ல" என்றார். சோ. தர்மன் எழுதி, 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சூல் என்ற நாவல், எட்டயபுரத்துப் பக்கத்து உருளைக்குடிக் கண்மாயை வைத்து இந்த வீழ்ச்சியைத்தான் பேசுகிறது. படிக்காதவர்கள் தவறாமல் படியுங்கள்.

வறண்ட வரத்துக்கால்களில் குடியேறிய சீமைக்கருவேலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெக்ஸிகோ, தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, விறகுக்காகவும் வேலிக்காகவும் பரப்பப்பட்ட இந்த மரத்தை வேரோடு அகற்றவேண்டுமென்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். கண்மாய்க்குள்ளும் ஓடையிலும் அது இருக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் பருத்தி பொய்த்த வருஷங்களில் இந்தப் பகுதியின் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த மரத்தின் கரிதான். விறகை அடுக்கி, மேலே செத்தையும் மண்ணும் மூடி, காற்றுப்போக்கை அளந்து நெருப்பு வைத்து, கொழுந்துவிட்டு எரிந்துவிடாமலும் அணைந்துவிடாமலும் இரவு பகலாகப் புகையின் நிறத்தைப் பார்த்துக் காவல் காக்கும் கரிமூட்டத் தொழில், சாம்பலுக்கும் விறகுக்கும் நடுவேயுள்ள ஒரு நுட்பமான நிலையில் நெருப்பை நிறுத்திவைக்கும் வித்தை. அந்தக் குடும்பங்களுக்கு மாற்று வேலை என்ன என்று கேட்காமல் மரத்தை மட்டும் சபிப்பது நியாயமாகப் படவில்லை.

இப்போது வெள்ளைக் கல். கரிசலைத் தோண்டினால் அடியில் சுக்கான் தட்டுப்படும் என்றேன். மண்ணிலுள்ள சுண்ணாம்பு மழையில் கரைந்து கீழிறங்கி உறைந்த கட்டிகள் அவை. பந்தல்குடிப் பகுதியில் அதற்கும் கீழே கிடப்பது வேறு பெருஞ்செல்வம்: படிகச் சுண்ணாம்புக்கல். மனிதனோ மரமோ தோன்றாத யுகத்தில், கடலடியில் படிந்த சுண்ணாம்பு, பூமியின் ஆழத்துக்குப் போய் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே வெண்மையும் சாம்பலுமான படிகப் பாறையாக இறுகியது. மேலேயிருந்த மலைகள் தேய்ந்து மறைய, அது நம் காலடிக்கு வந்து சேர்ந்தது. ராஜபாளையத்து பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம், இன்றைய ராம்கோ, அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே துலுக்கப்பட்டியில் முதல் ஆலையை அமைத்தது. அந்த ஆலைக்குப் பந்தல்குடிச் சுரங்கத்தின் கல் போகிறது. கல்லை உடைத்துத் தூளாக்கி, களிமண் முதலியவற்றோடு சேர்த்துச் சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுட்டுக் கிளிங்கராக்குகிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். தென்னாட்டு நகரங்களில் எழுந்துநிற்கும் எத்தனையோ மாடிவீடுகளிலும் பாலங்களிலும் பந்தல்குடியின் அடிவயிற்றுக் கல் கலந்திருக்கிறது.

சுரங்கம் பலருக்கு வேலை கொடுத்திருக்கிறது; லாரிக்கும் கடைக்கும் பட்டறைக்கும் பிழைப்புக் கொடுத்திருக்கிறது. இதை மறுப்பவன் நன்றியில்லாதவன். ஆனால் விளைந்த பருத்தி அடுத்த ஆண்டும் விளையும். வெட்டிய கல் மறுபடி விளைவதில்லை. சுண்ணாம்புக்கல் எங்கே வெட்டினாலும் வெடியும் தூசியும் பாரலாரியும் கூடவே வருகின்றன. குழி ஆழமாக ஆகச் சுற்றுப்புற நிலத்தடி நீர் அதை நோக்கிச் சாயும் தன்மையும் உண்டு. இதற்கு ஈடாகத்தான் 2015இல் மத்திய அரசு கனிமச் சட்டத்தைத் திருத்தி, மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைத்து, பழைய குத்தகைச் சுரங்கங்கள் செலுத்தும் உரிமத் தொகையின்மேல் அதில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்று தனியே வசூலிக்க ஏற்பாடு செய்தது. சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லுக்கு 2014இல் நிர்ணயித்த உரிமத் தொகை டன்னுக்கு 80 ரூபாய்; அப்படியானால் ஒவ்வொரு டன்னுக்கும் 24 ரூபாய் இந்த ஊர்களின் நன்மைக்கென்று சேரவேண்டும். குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு அந்த நிதியில் முன்னுரிமை. நீர்ப்பாசனமும் அனுமதிக்கப்பட்ட செலவுகளுள் ஒன்று. மேலே எழுதியதையெல்லாம் எழுதவைத்த என் எண்ணம் இதுதான்: வெள்ளைக் கல் தரும் அந்தப் பணம், கறுப்பு மண்ணுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்களுக்கு முதலில் செலவாக வேண்டும்.

காவிரி வரும், குண்டாறு நிறையும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காவிரி, தெற்கு வெள்ளாறு, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. காவிரிக் கரையிலுள்ள மாயனூரிலிருந்து திருச்சுழிப் பக்கம்வரை 262 கிலோமீட்டர். அது முடிந்து வெள்ளநீர் வந்தால் கைகூப்பி வரவேற்போம். ஆனாலும் குண்டாற்றுக்கு வந்த நீர், நடுவே அடைபட்ட ஓடைகளைத் தாண்டி இந்த இடைநிலத்துக்குத் தானாக ஏறிவந்துவிடாது. இதற்கிடையே காட்டின் நிறமும் மாறிவருகிறது. பருத்தி போட்ட இடங்களில் மக்காச்சோளம் நிற்கிறது. 2018இல் இந்தியாவுக்கு வந்த படைப்புழுவும், இரவில் இறங்கும் காட்டுப்பன்றியும் அதையும் விட்டுவைப்பதில்லை. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கென்றே ரகங்களைத் தந்துகொண்டிருக்கிறது. குதிரைவாலிக்கு நகரத்தில் மறுபடி மதிப்பு வந்திருப்பதால் சிலர் அதற்குத் திரும்புகிறார்கள்.

இந்தப் பகுதியின் இளைஞர்கள் இதைப் படிப்பீர்களானால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் ஓடையும் வாய்க்காலும் எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில் புறம்போக்காகப் பதிவாகியிருக்கின்றன என்பதை அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் பார்த்துக்கொள்ளலாம். அரசின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே எடுக்கலாம், இல்லையேல் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, மேல்கண்மாயின் கலிங்கிலிருந்து உங்கள் கண்மாயின் உள்வாய்வரை நடந்து பாருங்கள். அடைப்பு இருக்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. புழுதியில் விதைப்பு நடந்துகொண்டிருக்கும் புரட்டாசிக் காலம் அது. வரத்துக்காலை அளந்து மீட்கவும், கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து அதைத் தூர்வாரவும் கோரித் தீர்மானம் எழுதி, புல எண்களோடு சேர்த்து, அங்கே வையுங்கள்.